மடிக்கணினிக்குச் சொன்ன பதிலை மனைவிக்கும் சொல்லக் கோருதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து நிலைய நேரக் காப்பாளரின் மனைவி,
முதல் மாடி, பின்பக்க வீடு,
பழைய அச்சகத்துக்கு எதிர்ச் சந்து.
(பெயர் எழுதாத காரணம் 10-ஆம் பத்தியில் உள்ளது.)

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: கடவுச்சொல் மறந்து பூட்டிக்கொண்ட மடிக்கணினி – பழுதுநீக்கும் நிலையத்தில் திறந்து தரப்பட்டது – திறப்பதற்காக என் கணவர் சொன்ன பெயரை எனக்குச் சொல்ல மறுப்பது – விசாரித்து ஆவன செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கணினி நன்றாக வேலை செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் ஓடவில்லை, உடைந்தது, ஏமாற்றிவிட்டான் என்று வருவார்கள். என் புகார், திறந்துவிட்டது என்பதும் எப்படித் திறந்தது என்பதும்தான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆறாம் வகுப்புக்கு என்னை அனுப்பாதவர் யார், அன்று அவர் சொன்ன காரணம் என்ன என்பதெல்லாம் நினைவில் இருக்கிறது. இந்த மனுவுக்கு அது தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தாலும் தேதிகள் நேராக இருக்கும்.

2. எங்களுக்குத் திருமணமாகி ஐம்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியவர். அலுவலகத்தில் அவ்வளவு நினைவு வைத்த களைப்பில் வீட்டில் எதையும் நினைவு வைக்க மாட்டார். அது முதல் மாதத்திலேயே முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் நினைவு என்னுடைய வேலை. அவருடைய இரத்த வகையை மருத்துவர் கேட்டால் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். எரிவாயு எண், மாற்றுச் சாவி இருக்கும் இடம், அவருடைய தம்பி எங்கள் வீட்டுப் புதுக்கதவைப் பார்த்து என்ன சொன்னார் என்பது உட்பட அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. ஒரு சீட்டு கிடையாது, நோட்டு கிடையாது. இதுவரை ஒன்றும் தவறியதில்லை.

3. தவறியது இந்த ஒன்றுதான், அதற்கு நான் பொறுப்பல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண் அறுவைக்காக மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த மூன்று நாட்களாகப் பார்த்து எங்கள் மகன் வெளியூரிலிருந்து மடிக்கணினி கொண்டுவந்து, அப்பாவுக்குப் பொழுதுபோகும் என்று வைத்துவிட்டுப் போனான். கடவுச்சொல் மறந்துபோனால் கேட்பதற்கென்று அதில் ஒரு கேள்வி வைக்க வேண்டுமாம். ஆறு கேள்விகள் காட்டியதாம். படித்த பள்ளி, பிறந்த தெரு என்று ஒழுங்கான கேள்விகள் ஐந்து இருக்க, என் கணவர் ஆறாவதைத் தேர்ந்தெடுத்தார். 'உங்கள் மனதுக்கு மிகவும் பிடித்தவர் யார்?' என்பது அந்தக் கேள்வி. பதில் என்ன என்று மகனைத் தொலைபேசியில் கேட்டேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்? அப்பா என்னைச் சுவத்தப் பாத்துத் திரும்பி நிக்கச் சொல்லிட்டாரு" என்றான். பெற்ற தகப்பன் திரும்பி நில் என்றால் முழுசாகத் திரும்பி நிற்கிற பிள்ளையை வளர்த்தது என் தவறு.

4. கடந்த 4.8.2025 திங்கட்கிழமை காலை, காய்ச்சல் விட்டு எழுந்த என் கணவர் கணினியைத் திறந்து, விரல்களை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கடவுச்சொல் போய்விட்டது. கணினி அந்தக் கேள்வியைக் கேட்டது. அன்று முதல் நான்கு நாட்கள், நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் இரண்டு விரலால் தட்டினார். ஐந்து முறை தவறினால் மறுநாள் வா என்கிறது. எனவே நாளைக்கு ஐந்து பேர் என்று வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் என் மாமியார். அவரிடம் தோற்றாலும் கௌரவம்தான் என்று அவரை முதலில் வைத்தேன். தவறு. அடுத்து அவருடைய தங்கை, எங்கள் திருமணப் புகைப்படத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றவள். தவறு. அத்தை மகள்கள் மூவர், இவருக்குப் பார்த்துவிட்டு முடியாமல் போன பெண் ஒருத்தி, 'நெட்டை' என்று எல்லாரும் கூப்பிடும் அவருடைய நண்பர், மகன், மருமகள், முன்பு வளர்த்த நாய். இன்னும் இப்படிப் பலர். எல்லாம் தவறு. ஒவ்வொரு பெயருக்கும் என் கணவர் "இருக்கலாம், இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டினார். நாய்க்கும் அதையேதான் சொன்னார்.

5. வியாழக்கிழமை மாலையோடு இருபது பெயர்கள் முடிந்தன. இருபத்தோராவது பெயர், நான் குடைக்காரி என்று சொல்கிறவருடையது. நேரக் காப்பாளர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் தன் குடையை என் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போனவர். எந்தப் பெண்ணும் காரணமில்லாமல் நனைய மாட்டாள். வெள்ளிக்கிழமை அந்தப் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது, இனி பழுதுநீக்கும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுத்துக் காட்டிவிட்டுக் கணினி மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. குடைக்காரியின் முறை வந்ததும் பூட்டிக்கொண்டதே என்றேன். "குடைக்காரியா? யாரது?" என்று என் கணவர் கேட்டதையும் பதிவு செய்கிறேன். மற்ற இருபது பேருக்கும் இருக்கலாம் என்றவர், இவருக்கு மட்டும் யாரது என்றார்.

6. 9.8.2025 சனிக்கிழமை, செருப்புக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கும் பழுதுநீக்கும் நிலையத்துக்குப் போனோம். டோக்கன் எண் 43. சட்டைப் பையில் மூன்று திருப்புளி செருகியிருந்த நடுவயதுப் பணியாளர் கணினியைப் பார்த்துவிட்டு, முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அல்லது நிலையத்தின் பூட்டு நீக்கும் கருவியை மாட்டி மறுபடியும் ஒரே ஒரு முறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்றார். அழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளே சீட்டாட்டமும் மின்கட்டண ரசீதும்தான் இருக்கின்றன. ஆனால் கேள்வியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக என் கால் வரவில்லை. கேட்டுப் பாருங்கள் என்றேன். உடனே அந்தப் பணியாளர், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. கணினிக்கு உரியவர் மட்டும்தான் உள்ள இருக்கலாம்" என்று என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

7. கதவுக்கு வெளியிலிருந்து நான் கண்டது: பணியாளர் ஏதோ கேட்டார். என் கணவர் யோசிக்கவே இல்லை. குனிந்து அவர் காதில் சொன்னார். பணியாளர் தட்டினார். அவருடைய முழங்கையை வைத்து எண்ணினேன், ஏழு தட்டல். கணினி திறந்துகொண்டது. பணியாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்த ஒன்பது நாட்களாக நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சிலநேரம் நல்ல சிரிப்பாகத் தெரிகிறது, சிலநேரம் பாவம் என்று பார்க்கிற சிரிப்பாகத் தெரிகிறது. என் பெயருக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. குடைக்காரியின் பெயருக்கு ஆறு எழுத்து. அவருடைய திருமண அழைப்பிதழ் இன்னும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கடைசித் தட்டல் எழுத்தா, அல்லது முடித்துவிட்டு அழுத்துகிற எண்டரா என்பதைக் கதவில் ஒட்டியிருந்த தள்ளுபடி விளம்பரம் மறைத்துவிட்டது.

8. ஆட்டோவில் வரும்போது, என்ன பெயர் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்க? எப்போ?" என்றார். என் கணவர் பொய் சொன்னால் சட்டைப் பொத்தானைத் தடவுவார். தடவவில்லை. எனவே 11.8.2025 அன்று தனியாக மாடி ஏறிப் பணியாளரிடம் கேட்டேன். வாடிக்கையாளர் ரகசியம் என்றார். நான் அவர் மனைவி என்றேன். "மனைவின்னாலும் விதிப்படி நீங்க மூன்றாம் நபர்தாம்மா" என்றார். அவருக்கும் கணினிக்கும் நடுவில் நான் மூன்றாம் நபராம். ஐம்பத்தோரு ஆண்டுகளில் என்னைப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை. மேலாளரிடம் போனேன். கணவரே நேரில் வந்து சம்மதித்தால் சொல்லலாம் என்றார். 13.8.2025 அன்று கணவரைத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு போனேன். பணியாளர் எழுந்து நின்று, "ஐயா, அன்னைக்கு நீங்க சொன்ன பேரை அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார். என் கணவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ வேண்டாம், அது ரகசியம்" என்று சொல்லி, வெட்கப்பட்டுச் சிரித்தார். பெயர் அவருக்கு நினைவில்லை. ரகசியம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

9. இதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று தாங்கள் நினைக்கலாம். என் கணவரின் மறதி இப்போது பழைய மறதி அல்ல. போன மாதம் கீழ்வீட்டுக் கதவில் எங்கள் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். மருத்துவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது போகப்போகக் கூடத்தாம்மா செய்யும்" என்றார். அவர் மறந்ததையெல்லாம் நான் வைத்திருக்கிறேன். அவர் பிறந்த வீட்டின் வாசற்படிகள் உட்பட என்னிடம் இருக்கின்றன. அவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். இந்த ஒன்று மட்டும் என்னிடம் இல்லை. ரகசியம் என்ற நினைவும் இன்னும் சில நாட்களில் அவரிடம் இருக்காது. பிறகு என் கணவரின் மனதுக்கு மிகவும் பிடித்தவர் யார் என்பது, சட்டைப் பையில் திருப்புளி வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகிவிடும். அவரும் ஒருநாள் வேலை மாறிப் போய்விடுவார்.

10. அந்த நான்கு நாட்களில் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். பணியாளரும் கேட்டார். சொல்லவில்லை. இருபது பேரைச் சொன்னேன், என் பெயரைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தவறு என்று சிவப்பு எழுத்தில் வந்தபோதெல்லாம் எனக்கு உள்ளூர நன்றாகத்தான் இருந்தது. என் பெயருக்கும் அப்படி வந்துவிட்டால் அதை மறக்க எனக்குத் தெரியாது. மறக்கிற வேலை எங்கள் வீட்டில் அவருடையது. உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று அந்த நான்கு நாட்களில் அவரிடம் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பணியாளர் கேட்டார், அவர் உடனே சொல்லிவிட்டார். இந்த மனுவில் என் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. பணியாளர் இரக்க குணம் உள்ளவர் போலத் தெரிகிறது. பெயரைப் பார்த்தால் அதையே சொல்லித் தொலைத்துவிடுவார்.

11. ஆகவே தாங்கள் அந்தப் பணியாளரை அலுவலகத்துக்கு அழைத்து, அவர் காதில் சொல்லப்பட்ட பெயரைத் தங்கள் முன்னிலையில் ஒரு தாளில் எழுத வைக்குமாறு வேண்டுகிறேன். அவர் எழுதி முடித்து, பேனாவை மூடிய பிறகு, இத்துடன் இணைத்துள்ள ஒட்டிய உறையைப் பிரிக்கவும். அதில் என் பெயர் இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற பெயரும் கீழே எழுதியிருக்கிறேன். தாளில் உள்ளது இவற்றில் ஒன்றாக இருந்தால், நான் வெளியே போயிருந்தாலும் கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகும்படி உடனே ஆள் அனுப்பவும்.

12. வேறு பெயராக இருந்தால் இரண்டு தாள்களையும் கிழித்துவிடவும். மனு வந்து சேரவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளவும். நான் மாதா மாதம் நேரில் வந்து கேட்பேன், சண்டையும் போடுவேன். அப்போதும் வரவில்லை என்றே சொல்லவும். கிடைத்த மனுவைத் தொலைத்த அலுவலகம் என்று சாகும்வரை தங்கள்மேல் கோபம் வைத்திருக்கிறேன். அந்தக் கோபம் தங்களோடு போகட்டும். என் கணவருக்கு இனி அதையெல்லாம் தாங்க முடியாது.

இணைப்பு: 1. பழுதுநீக்கும் நிலையத்தின் ரசீது நகல்.
2. ஒட்டிய உறை – ஒன்று.

தேதி: 18.8.2025
இடம்: வீடு

தங்கள் பதிலுக்காகவும், பதில் வராமலிருப்பதற்காகவும் காத்திருக்கும்,

(கையொப்பம் உறைக்குள் உள்ளது)