சுக்குக் காபி

அடி அண்ணாமலை,
14.7.2003

என்னங்க,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கவிநிலாவுக்குத் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், கத்திக் கத்திக் கட்டிய தொண்டைதான்.

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மதியமே நம் கடைக்கு வந்துவிட்டது. நான் அடுப்பைப் பார்க்க, உங்கள் மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று, "சுக்குக் காபி! சூடா சுக்குக் காபி!" என்று கூவினாள். போன வருஷம் வரை அது அவள் வாயில் "சுத்துத் தாபி".

எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வேங்கிக்காலுக்கு பஸ்ஸில் போனோம். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, நாக்கு நுனியை ஐஸ் குச்சியால் அழுத்திப் பிடித்து 'க' சொல்லவைப்பார். ஆனால் முதல் நாள் திட்டு வாங்கியது நான்தான். "பாப்பா வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிடுறீங்க. கொஞ்சம் கம்மியா பேசுங்கம்மா."

நேற்று ஒருவர், "என்ன பாப்பா விக்கிற?" என்று கேட்டார். பழைய பழக்கத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, நீ கம்முனு இரு!" என்றாள். அந்தக் 'க' அப்படியே கல் மாதிரி விழுந்தது. எனக்குக் கரண்டி கைநழுவிவிட்டது.

போன தீபாவளிக்கு அவள் பேச்சைக் கேட்டு நீங்கள் போனில் சிரித்தீர்களே, அதிலிருந்து அவள் போன் பக்கமே வரவில்லை. தூங்குகிறாள், விளையாடுகிறாள் என்று நான்தான் ஏதேதோ சொன்னேன்.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து நீங்கள் கூப்பிடும்போது அவளே எடுப்பாளாம். என்னிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். நான் கம்மென்று பக்கத்தில் நிற்பேன்.

பெருமையோடு,
உங்களவள்