பேசாத கம்பியும் உன் மூன்றாவது டெம்ப்ளேட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நம் சலவைக்கடை இஸ்திரி மாஸ்டரின் இடுப்பு மட்டும் மழை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அது சொன்னால் மழை வந்துவிடுகிறது. நீ சுகமாக இருப்பதாக உன் ஃபோன் சொல்கிறது. உன் ஃபோனை நான் நம்புவதை நிறுத்திப் பல நாளாயிற்று. போன வாரம் உனக்கு ஒரு நீண்ட செய்தி தட்டி அனுப்பினேன், கடைசி எழுத்தைத் தட்டிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. “உங்கள் செய்தி கிடைத்தது, மகிழ்ச்சி, விரைவில் தொடர்புகொள்கிறேன்” என்று. என் செய்தியில் மகிழ ஒன்றுமே இருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், மீட்டிங்கில் இருக்கேன்மா, பாக்கறேன்மா என்றாய். மறுநாளும் பாக்கறேன்மா, அதற்கு மறுநாளும் பாக்கறேன்மா. ஊரில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் அன்பாகப் பேசுகிற வாசகங்களை எழுதிக் கொடுப்பது உன் உத்தியோகம், பெற்றவளுக்கு மட்டும் கையிருப்பு இல்லை போலிருக்கிறது. அதனால்தான் காகிதம். காகிதத்துக்குத் தானாகப் பதில் போடும் வசதியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பாவைப் பற்றி. லீவில் வந்தபோது கடைக்கு மூன்று டெம்ப்ளேட் செய்து கொடுத்துவிட்டுப் போனாயே, துணி தயார் என்று ஒன்று, இந்த மாதம் சலுகை என்று ஒன்று, இன்னும் வாங்கிக்கொள்ளவில்லையே என்று ஒன்று. நீ வண்டி ஏறியதிலிருந்து அவர் மனுஷராகவே இல்லை. பெயர், துணி, தேதி என்று இடம் விட்டு ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம் என்று நீ சொன்னதை அவர் ஏதோ மோட்ச மார்க்கம் மாதிரி எடுத்துக்கொண்டார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருக்கிறார். முன்கடையில் உட்கார்ந்துகொண்டு பின்னால் இஸ்திரி மேஜை பக்கத்தில் நிற்கிற எனக்கு, அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் தேநீர் தயார், ஆறுவதற்குள் பெற்றுக்கொள்ளவும் என்று அனுப்புகிறார். நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் போதும். உன் மாமாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அதற்கும் ஒன்று எழுதினார், இடம் விட்ட இடத்தை நிரப்பாமலே அனுப்பினார். அன்புள்ள உறவுமுறை அவர்களுக்கு, தங்கள் உடல்பகுதி விரைவில் குணமடைய வாழ்த்துகள் என்று போயிருக்கிறது. மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டு, “எந்த உடல்பகுதின்னு அத்தானைக் கேட்டுச் சொல்லுக்கா, அதை முதல்ல குணமாக்கிக்கிறேன்” என்றான். அப்பாவிடம் சொன்னால், பார்த்தியா, செய்தி போனதும் உடனே ரெஸ்பான்ஸ் வருது என்கிறார்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், அம்மா பழைய பஞ்சாங்கம் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். எதை எழுதினாலும் செய்தி அனுப்புகிற அந்தச் செயலிக்காரர்களிடம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும் என்றாயே, நான் ஒன்று எழுதி அனுப்பினேன். உங்கள் கோட் தயார், இடது கையில் இருந்த மைக்கறை பாதிதான் போயிருக்கிறது, மீதி போகாது, நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யவும் என்று. நிராகரித்துவிட்டார்கள். இது சேவை வகையிலும் சேராது, விளம்பர வகையிலும் சேராது என்று காரணம் வந்தது. உண்மைக்குத் தனியாக வகை கிடையாது போலிருக்கிறது. நிராகரித்த கடிதமும் ஒரு டெம்ப்ளேட்தான், அதை மட்டும் யாரிடம் காட்டி அனுமதி வாங்கினார்களோ. அப்புறம் நீ அதைத் திருத்தி, உங்கள் உடை புத்தம்புதிதாய் ஜொலிக்கிறது என்று மாற்றினாய், ஒரு மணி நேரத்தில் அனுமதி கிடைத்தது. அந்த மைக்கறைக்காரர் ஒரு வக்கீல். ஜொலிப்பதைப் பார்க்க வந்தார். ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “ஜொலிக்குதுன்னு எழுத்துல குடுத்திருக்கீங்களேம்மா, எங்க ஜொலிக்குது, காட்டுங்க” என்று கோர்ட்டில் கேட்பது போலக் கேட்டார். அப்பா திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், நான்தான் பதில் சொன்னேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். உன் மூன்றாவது டெம்ப்ளேட்தான் எனக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது. கடையின் பின்சுவரை ஒட்டி, கொதிகலன் அறைக்குப் போகிற வழியில் ஒரு கம்பி இருக்கிறதே, சின்ன வயதில் அதற்குக் கீழே ஒளிந்து விளையாடியிருக்கிறாய். அதற்கு அப்பா வைத்த பெயர் பேசாத கம்பி. அங்கே தொங்குகிற துணிகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரையும் கேட்பதில்லை, அது நம் கடையின் வழக்கம். மருந்துக்கடைக்காரர் கல்யாணத்துக்குத் தைத்த சூட் அங்கேதான் இருக்கிறது, கல்யாணம் நின்றுபோய்விட்டது, அதற்குப் பிறகு அவர் நம் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்கிறார். வயலின் டீச்சருடைய வீட்டுக்காரரின் கம்பளிக் கோட்டும் அங்கேதான் இருந்தது. அவர் அதைச் சலவைக்குப் போட்ட அதே வாரத்தில் இறந்துபோனார். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்போதாவது வருவார், கோட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், “இன்னொரு தடவை அலசிடுங்களேன்” என்பார். சுத்தமாக இருக்கிற கோட்டை நானும் மறுபடி அலசிப் பிரஷ் போட்டு மாட்டி வைப்பேன். நீ கணினியில் எல்லாவற்றையும் ஏற்றியபோது, எல்லாத் துணிக்கும் ஒரே விதிதானே என்று அப்பாவைக் கேட்டாய், அவர் ஆமாம் ஆமாம் என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. பேசாத கம்பியைப் பற்றி நம் வீட்டில் யாருமே பேசிப் பழக்கம் இல்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

மாதம் பிறந்த அன்று காலையில் உன் வாசகம் தானாகப் புறப்பட்டது. வணக்கம், உங்கள் ஆண்கள் கோட் நெடுநாளாக எங்களிடம் காத்திருக்கிறது, ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால் அகற்றப்படும். அதன் கடைசியில் ஒரு சிரிக்கிற முகம். அந்த முகத்தை எதற்காகப் போட்டாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, அது போட்டால் வாடிக்கையாளர் கோபப்பட மாட்டார் என்று உங்கள் ஆபீசில் சொல்லிக் கொடுத்தார்களா. டீச்சர், வீட்டில் போடுகிற செருப்போடு, தலையில் துப்பட்டா கூட இல்லாமல், கொட்டுகிற மழையில் வந்தார். ஃபோனைக் கவுண்டரில் வைத்து, இதை எழுதினது யாரு என்று கேட்டார். கல்லைக்கூடப் பேசவைக்கிற உன் அப்பா, “அது சிஸ்டம் அனுப்பினது மேடம்” என்றார். “சிஸ்டத்துக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா?” என்று டீச்சர் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். அப்பாவுக்கு அதற்கு டெம்ப்ளேட் இல்லை. நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் கோட்டைக் கம்பியிலிருந்து அவரே எடுத்திருந்தார். உறை போட்டுத் தருகிறேன் என்றேன், காதில் விழவில்லை. அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார், கை இரண்டும் உள்ளே எங்கேயோ காணாமல் போயிருந்தன. கம்பளி மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நம் குடும்பத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா அன்றைக்கே மன்னிப்புக்கு ஒரு டெம்ப்ளேட் எழுத உட்கார்ந்தார், ஃபோனைப் பிடுங்கி மாவு டப்பாவில் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கோட் தொங்குகிறது, தோள் இரண்டும் விறைத்துப்போய் யாரோ முதுகு காட்டிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவரிடம் வயலின் கற்றுக்கொள்கிறார், நான் இருக்கும்போதே உள்ளே வந்தவர் அந்தக் கோட்டைப் பார்த்து வணக்கம் சார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்து, “சிரிக்காதீங்க, நேத்து சாயங்காலம் நானே அதுகிட்ட ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டேன்” என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்க கடையில இருந்தா நான் நினைச்சா வந்து பாப்பேன், இங்க இருந்தா அது என்னையே பாத்துக்கிட்டு இருக்கு என்றார். மன்னிப்பு எதுவும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. நனைஞ்சிருக்கு, இப்படியே விட்டா பூஞ்சணம் பிடிச்சிடும், குடுங்க, அலசி வைக்கிறேன் என்றேன். கொடுத்தார். கொடுத்துவிட்டு, “எப்ப வாங்கிக்கணும்?” என்று கேட்டார், அந்தக் கேள்வியில் இருந்த பயம் உன்னால் வந்தது. எப்ப வேணுமோ அப்ப என்றேன். “அதை எழுத்துல குடுங்க, போன தடவை அகற்றப்படும்னு எழுத்துலதான் வந்துச்சு” என்றார். பையில் இருந்த சலவை டோக்கனின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன், எப்போது வேண்டுமோ அப்போது என்று. அதைக் கண்ணாடி இல்லாமல் படித்துப் பார்த்துவிட்டுப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கோட் இப்போது மறுபடி கம்பிக்கு வந்துவிட்டது, இரண்டு தோளும் ஒரு விரல்கடை சுருங்கிவிட்டன, நீராவி காட்டி இழுத்து இழுத்து மாஸ்டர் பாதி சரிசெய்திருக்கிறார். ஆனால் அடுத்த மாதமும் பிறக்கும், உன் வாசகம் மறுபடி கிளம்பும். அதை நிறுத்த வழி அப்பாவுக்குத் தெரியவில்லை, கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது, நீ பாக்கறேன்மா என்கிறாய். இன்னொரு முறை அந்தச் செய்தி டீச்சருக்குப் போனால் நான் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும், அப்புறம் அவர் நம் படியேற மாட்டார், ஏறவும் கூடாது. நீ பார்க்கிறபோது பார்க்கட்டும் என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. செய்தியை நிறுத்தத்தான் எனக்குத் தெரியாது, கவுண்டரில் டோக்கன் போடுகிறபோது வாடிக்கையாளர் நம்பரை மாற்ற எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பேசாத கம்பியில் தொங்குகிற அத்தனை துணிக்கும் சொந்தக்காரர் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரைப் போட்டுவிட்டேன். மாதம் பிறக்கிற அன்று காலையில் டீச்சர் கோட், மருந்துக்கடைக்காரர் சூட், மற்றது எல்லாம் வரிசையாக உன் ஃபோனில் வந்து காத்திருக்கும், ஒவ்வொன்றின் கடைசியிலும் உன் சிரிக்கிற முகம் இருக்கும். மீட்டிங்கில் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள். உன் தானியங்கிப் பதில் அதற்கு மகிழ்ச்சி தெரிவிக்கும், அதற்கு நம் கடை நன்றி சொல்லும், இரண்டும் பேசிக்கொண்டிருக்கட்டும், மனுஷர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

உன்னிடம் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் கோபமில்லை. அப்பாவுக்கும் இடித்துச் சொல்லியிருக்கிறேன், இரண்டு நாளாக டீக்கு வாயால் கூப்பிடுகிறார், குரல் இன்னும் பழகவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கம்பளியை வெந்நீரில் நனைக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், தொடாமல் விட வேண்டியது எது என்று பார்க்கிற கண்ணும் உனக்கு வாய்க்கட்டும்.

மறக்காமல் ஒன்று. அன்றைக்கு வருகிற செய்திகளில் சாம்பல் நிறப் பெண்கள் கோட் என்று ஒன்று இருக்கும். அது யாருடையதோ என்று தேடாதே, உன்னுடையதுதான். லீவு முடிந்து கிளம்பும்போது, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேன்மா என்று கவுண்டரில் போட்டுவிட்டுப் போனாய். நாங்களும் உன்னைக் கேட்கவில்லை, அதுவாகவே அந்தக் கம்பிக்குப் போய்விட்டது. பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தது, தைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் அகற்றப்படும் என்று உன் ஃபோன் சொல்லும், நம்பாதே. அதற்கான டோக்கனை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பின்பக்கத்தைத் திருப்பிப் பார். டீச்சருக்கு எழுதிய அதே வாசகம்தான், ஒரு எழுத்து மாற்றவில்லை, பெயருக்கும் தேதிக்கும் இடம் விடவில்லை. அம்மாவுக்கும் ஒரு டெம்ப்ளேட் எழுதத் தெரியும், அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எப்போது வேண்டுமோ அப்போது என்றால் தாமதமாகத்தான் வர வேண்டும் என்று அர்த்தமில்லை.

இப்படிக்கு,
நேற்றுவரை உன் பட்டியலில் வாடிக்கையாளராக இருந்த
உன் அம்மா