உஸ்மான் பாயின் தோல் தாயத்து

என் பிரியமான உஸ்மான் பாய்,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. உயிரோடு இருந்தபோதே நான் தமிழில் திட்டினால் தலையாட்டிச் சிரிப்பீர்கள். இப்போதும் அப்படியே கேளுங்கள்.

தோஹா தொழில்பேட்டையில் அதே கேம்ப், அதே ரூம். என் ஒப்பந்தம் முடிந்தும், விசா கொடுத்த முதலாளியான கபீல் ஊருக்குப் போகக் கையெழுத்துப் போடவில்லை. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். கேட்டால் ‘நாளைக்கு’ என்கிறார். அவருடைய நாளை விடிவதே இல்லை, பாய்.

என்னைக் கம்பி வெட்டும் மெஷினுக்கு மாற்றிய அன்று, உங்கள் புஜத்திலிருந்த தோல் தாயத்தைக் கழற்றித் தந்தீர்கள். சூடானில் உங்கள் ஊர்ப் பெரியவர் குர்ஆன் வசனம் எழுதி, உள்ளே வைத்துத் தைத்தது. கட்டியவனை இரும்பு தொடாது என்றீர்கள். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். உங்களுக்கு வந்ததே கோபம்!

“அரே பாய், கமர் மே நஹி! அந்தர் குர்ஆன் ஹை!”

உள்ளே குர்ஆன் இருப்பதை இடுப்பில் கட்டலாமா என்று கேம்ப்பில் பழகிய இந்தியில் வைதுகொண்டே, நீங்களே என் புஜத்தில் கட்டிவிட்டீர்கள்.

அடுத்த வாரம் சைட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கும்போது வெயிலில் சுருண்டு விழுந்தீர்கள். என்னிடம் தராமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? ஆனால் அது இரும்புக்குத் தைத்தது. வெயிலுக்கு யார் தைக்கிறார்கள்? உங்கள் முகம் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. அன்று வாய்விட்டு அழுதேன்.

இப்போது ஒரு சேதி. உங்கள் ஊர் டிரைவர் இத்ரீஸ் நாளை லீவில் போகிறார். உங்கள் மகனுக்குக் கொடுக்கத் தாயத்தைக் கேட்டார். பக்கத்துக் கட்டில் செல்வம் பதறிவிட்டான்.

“அண்ணே, குடுத்துராதீங்க. போன மாசந்தான அந்த மெஷின்ல ஒருத்தனுக்கு விரல் போச்சு?”

எனக்கும் பயம்தான். அது கையில் இருப்பதால்தான் மெஷின் முன்னால் நடுங்காமல் நிற்கிறேன். ஆனாலும் பிள்ளைக்கு அப்பாவின் பொருள் போய்ச் சேர வேண்டாமா? சாயங்காலம் அவிழ்த்தேன். உங்கள் முடிச்சு லேசில் விடவில்லை. அறுக்க மனம் வராமல் பல்லால் கடித்து இழுத்தேன்.

நாளை அது ஊருக்குப் போகிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், கபீல் கையெழுத்து வேண்டாம். பொறாமையாக இருக்கிறது, பாய்.

கேம்ப் வாசல் கதவும் இரும்புதான். என்றாவது ஒருநாள், பத்து விரலோடு அதைத் தாண்டி வெளியே போவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

வெறும் புஜத்தோடு,
உங்கள் மதராசித் தம்பி
முருகேசன்