பாடுவித்தவன் சாட்சிக்கு வரமாட்டான்

என் கண்ணான மகளுக்கு,

எல்லாம் வல்லவன் அருளால் நானும் உன் அம்மாவும் நலம். அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தில் முதுநிலை பயிலும் நீயும் அந்தக் குளிரில் வேளைக்கு உண்டு நலமாயிருக்க வேண்டுமென்பதே எங்கள் அன்றாட விண்ணப்பம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் முன்போலவே.

‘இப்பாட்டை எழுதியவன் நானே’ என்று நான் கையொப்பமிட நீ அனுப்பிய உறுதிமொழிப் பத்திரம் வழிபாட்டு மேசைமேல் இருக்கிறது, கடந்து செல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். என் வழியாக வந்த விடியற்பாட்டை நம் பிரார்த்தனைக் கூடத்தில் பதிவு செய்துபோன ஒலிப்பதிவு நிறுவனம், அதைத் தனதென்று உரிமை கொண்டாடி, கூடத்தில் எவரும் பாடலாகாதென நோட்டீஸ் விடுத்ததை நீ அறிவாய். அதன்பின் நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. சமரசம் பேச வந்த அவர்களுடைய வக்கீல் நம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ஒவ்வொரு பாட்டின் அடியிலும் நான் அச்சிட்டிருக்கும் ‘பாடியவன் அடியேன் அல்லன், பாடுவித்தவன் அவனே’ என்ற வரிமேல் விரலை வைத்து, “உங்க பாட்டு இல்லேன்னு நீங்களே போட்டிருக்கீங்க, அப்புறம் எங்களோட என்ன வழக்கு ஐயா?” என்று சிரித்தார். ஆமென்றால் பாட்டு போகும், அன்றென்றால் பக்தி போகும். இருதலைக்கொள்ளி எறும்பானேன். உன் அம்மாதான், “எழுதினது கடவுள்னா கோர்ட்டுக்கும் அவரே வரட்டும், பஸ் சார்ஜ் நான் தரேன்” என்றாள். கூடத்தின் செயலாளர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடினார். அன்றுமுதல் அப்பாட்டின்றியே வழிபாடு தொடங்குகிறது. ஆர்மோனியக்காரர் பழக்கத்தில் முதல் சுரத்தைத் தொட்டுவிட்டுச் சட்டெனக் கையை எடுக்கிறார், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நேற்றுப் பாத்திரம் துடைக்கையில் என் வாய் தானாக அதை முணுமுணுக்க, எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். சொந்த வீட்டில் சொந்த வாய்க்கு அஞ்சுகிறேன் அம்மா.

“அப்பா, பாட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு சட்டம் கேக்கல, யார் கை எழுதிச்சுன்னுதான் கேக்குது” என்று பத்திரம் அனுப்பிய அன்று போனில் சொன்னாய். பழைய அடியார்களே பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைப் பொறிக்கவில்லையா என்றும் மடக்கினாய். உன்னை மறுக்க எனக்கு ஒரு செய்யுளும் அகப்படவில்லை. ஆயினும் அவர்கள் பெயரிட்டது அவன் திருமுன் விண்ணப்பமாக. நான் இடப்போவது நீதிமன்றத்தின் முன் உரிமையாக. திங்களன்று நோட்டரியிடம் கையொப்பமிடுகிறேன். கூடத்தார் பாடட்டும். என்னுடையதென்று சத்தியம் செய்த பாட்டை அவன் முன் நின்று பாட எனக்கு இனி வாய் வராது. கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டிருப்பேன்.

இதற்காக நீ கலங்காதே, உன்மேல் குறையில்லை. கம்பளிச் சட்டையின்றி வெளியே போகாதே. உன் ஆய்வேட்டின் முகப்பில் உன் பெயரைக் கூசாமல் எழுது; என்னைப்போல் கீழே ஒரு வரியைச் சேர்த்து வைக்காதே. கல்வியும் நல்லோர் துணையும் உன்னை விட்டு நீங்காதிருக்க அவனை வேண்டி வாழ்த்துகிறேன்.

இக்கடிதத்தை எழுதியவன் நானே,
உன் அப்பா