நடுவில் உட்கார்ந்த அக்காவுக்கு, இடப்பக்கத்திலிருந்து

என் அன்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய தனம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்தில் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். எங்கே போனாலும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வது உங்கள் வழக்கம். இங்கே நான் இருக்கிறேன். உங்கள் மேல் உள்ள பொறாமையும் அப்படியே இருக்கிறது. ஆள் போன பிறகு அது குறைந்துவிடும் என்று நினைத்தேன், குறையவில்லை.

நேற்று தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரர் தெங்கிரி மீனை வெட்டிக்கொண்டே துக்கம் விசாரித்தார். "வில்லுப்பாட்டு தனம் அம்மா போனதுலேர்ந்து கோயில் திருவிழாவே டல்லா இருக்கு லா. நீங்க அவங்க கூடவே உக்காந்திருப்பீங்கல்ல, ஆமா போடற அம்மா?" என்றார். நீங்கள் ஒரு நாளாவது அவரிடம் மீன் வாங்கியிருப்பீர்களா? காலமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வந்தவள் நான். அவருக்கு உங்கள் பெயர் தெரிகிறது, என் பெயர் தெரியவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை எட்டிப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனம் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு நாங்கள் ஒரே மேடையிலும் உட்கார்ந்தோம். வில்லுப்பாட்டில் நடுவில் இருப்பவர் மணி கட்டிய வில்லைக் கோலால் தட்டிக் கதை சொல்லிப் பாடுவார். ஒருவர் குடம் அடிப்பார். இடப்பக்கம் இருப்பவர் வரிக்கு வரி 'ஆமா' போடுவார். எங்கள் குழுவில் நடுவில் அக்கா, குடத்தில் என் வீட்டுக்காரர், இடப்பக்கம் நான்.

அந்த இடத்துக்கு நான் ஆசைப்பட்டு வந்தேனா அக்கா? தோ பாயோ வீட்டில் நாம் எல்லாரும் ஒன்றாக இருந்த காலம் அது. திருவிழாவில் உங்களோடு பாட வேண்டிய பெண் அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். நான் அடுப்படியில் சம்பாலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவ விடாமல் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சரசு. நான் நிறுத்துற எடத்துல ஆமான்னு சொல்லு, அவ்ளோதான். வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. அன்று உட்கார்ந்தவள் நீங்கள் போகும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

உங்கள் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லடித்தவர். அவரிடமிருந்து உங்களுக்கு மெட்டு வந்தது, சரி. பாட்டு எங்கிருந்து வந்தது அக்கா? இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்தேன். தினமும் அதே பஸ். ஏறியதும் தூங்குவேன், இறங்கும் இடம் வந்தால் விழிப்பேன். வேறு வேலை இல்லாத நாள்களில் நீங்களும் என்னோடு ஏறுவீர்கள். சாங்கியில் உங்களுக்கு எந்தக் காரியமும் கிடையாது. கடைசி வரை வந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவீர்கள்.

சாயங்காலம் நான் வீடு வந்து சேரும்போது ஒரு பாட்டு தயாராக இருக்கும். மின்தூக்கியில் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்தைக் கோட்டைவிட்ட மாப்பிள்ளை. நகரும் படிக்கட்டில் சேலை சிக்கிய சம்பந்தியம்மா. தாழ்வாரத்தில் காயப்போட்ட மிளகாயைத் தின்றுவிட்டு ஊரையே திட்டிக்கொண்டு பறந்த மைனா. நானும் பார்த்த அதே சன்னல், அதே மழை. எனக்குத் தூக்கம் வந்தது, உங்களுக்குப் பாட்டு வந்தது. இது என்ன நியாயம்?

பாட்டோடு விட்டீர்களா? குடத்துக்கு வருஷா வருஷம் புதிதாகச் சித்திரம் எழுதுவீர்கள். ஒரு வருஷம் மீன், ஒரு வருஷம் விமானம். வில்லில் கட்டும் மணிகளுக்காகச் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குவீர்கள். ஒவ்வொரு மணியாகக் காதருகில் ஆட்டிப் பார்த்து, முகம் சுளித்து, திருப்பிக் கொடுப்பீர்கள். கடைக்காரர்களுக்குக் கோபமே வராது, தாலி வாங்க வந்தவருக்குப் போடுவதுபோல் நாற்காலி போடுவார்கள். நான் பக்கத்தில் பையோடு நிற்பேன். வீட்டு வாசலில் உங்கள் வெற்றிலைக் கொடி பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரின் கதவுவரை படர்ந்தது, என் கையில் துளசிகூடப் பிழைக்காது. இப்போது அந்தக் கொடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். என்னைக் கண்டால் இலையைச் சுருட்டிக்கொள்கிறது.

ஒரு முறை பஸ்ஸில் அலுப்பில் ஒன்று சொன்னேன். "எல்லாரோட பெட்டியும் ஊர் ஊராப் போகுது. ஏத்தி விடற நான் மட்டும் தோ பாயோவுக்கே திரும்பி வர்றேன்." அடுத்த திருவிழாவில் அது உங்கள் பாட்டில் இருந்தது. ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த தம்பிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அப்படிக் கைதட்டினார்கள். அந்த வரிக்கும் நான்தான் ஆமா போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அது நான் சொன்னதுதானே என்று. நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒன் வாயிலேர்ந்து கீழ விழுந்துச்சு, நான் பொறுக்கிக்கிட்டேன். நீயே பொறுக்கியிருக்கலாம்ல?" என்றீர்கள். உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஓரகத்திப் பாட்டை விட மாட்டேன். ஒரே அடுப்பில் இரண்டு ஓரகத்திகள் சமைக்கிற கதை.

பெரியவ வச்ச கொழம்புக்குப் பேரு மீன்கொழம்பு
சின்னவ வச்ச கொழம்புக்குச் சின்னவதான் பேரு வைக்கணும்

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சின்னவள் யார் என்று தோ பாயோவில் தெரியாதவர் உண்டா? நீங்கள் வில்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்புவீர்கள். நான் என்ன செய்வேன்? "ஆமா, பேரு வைக்கணும்!" என்பேன். என்னைக் கேலி செய்யும் பாட்டுக்கு நானே ஆமா போட்டவள். உலகத்தில் வேறு எந்த ஓரகத்திக்கு இந்தக் கொடுமை நடந்திருக்கும்?

ஒரு நாள் மணி வாங்கிவிட்டுச் சிராங்கூன் சாலையில் ஒரு டீக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தோம். உங்களுக்குப் பிடித்த மாதிரி மணி கிடைத்திருந்ததால் நல்ல முகமாக இருந்தீர்கள். அதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, இந்த வருஷம் ஒரே ஒரு பாட்டுக்கு நான் நடுவுல உக்காரட்டா?"

நீங்கள் யோசிக்கவே இல்லை. "நீ நடுவுல உக்காந்தா எனக்கு யாருடி ஆமா போடறது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. உனக்கு அது ஒன்றுதான் வரும் என்று நீங்கள் சொன்னதாகவே எனக்குக் கேட்டது. அந்த ஒரு பாட்டுக்கு நீங்கள் ஆமா போட்டால் ஆகாதா? அந்த எண்ணமே உங்களுக்கு வரவில்லை. நானும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீங்கள் போன அன்று அழுதேன். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் நான்தான், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் எல்லாம் முடிந்து வேனில் திரும்பி வரும்போது, அந்த நடு இடம் இனிமேல் காலி என்ற நினைப்பு வந்தது. வந்ததை வந்தது என்றுதானே சொல்ல முடியும்?

நினைத்தபடியே நடந்தது. வரும் சனிக்கிழமை சமூக மன்றத்தில் உங்கள் நினைவாக ஒரு வில்லுப்பாட்டு. நடுவில் யார் என்று பேச்சு வந்தபோது உங்கள் கொழுந்தன் குடத்தைத் துடைத்துக்கொண்டே, "சரசுதான். வேற யாரு?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மறுநாளே போய்ப் புதுச் சேலை எடுத்தேன். அரக்கு நிறம். எனக்கு எடுக்காது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த அதே நிறம்.

போன ஞாயிறு காலை ஒத்திகை. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாயை விரித்து, வில்லை எனக்கு முன்னால் வைத்தார்கள். என் பழைய இடத்தில் உங்கள் மகள் சித்ரா. ஆபீசில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிறவள், பாயில் உட்கார்ந்ததும் பயந்துவிட்டாள்.

"சித்தி, எந்தெந்த எடத்துல ஆமா சொல்லணும்னு கியூ குடுங்க லா. இல்லன்னா நான் மிஸ் பண்ணிடுவேன்."

"நான் நிறுத்துற எடத்துல ஆமான்னு சொல்லு, அவ்ளோதான்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

ஓரகத்திப் பாட்டை எடுத்தேன். முதல் வரிக்குச் சித்ரா ஓர் ஆமா போட்டாள். மீட்டிங்கில் மேலதிகாரிக்குத் தலையாட்டுகிற ஆமா. இரண்டாவது வரி முடியும் முன்பே அடுத்த ஆமா வந்துவிட்டது. மூன்றாவது வரி எனக்கு வரவில்லை. எத்தனை வருஷம் காதில் விழுந்த வரி! தூக்கிய கோல் தூக்கியபடி நிற்கிறது. சித்ரா என்னைப் பார்க்கிறாள், நான் சித்ராவைப் பார்க்கிறேன். குடம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது வந்தது பாருங்கள் உங்கள் மேல் ஒரு பொறாமை, அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நீங்கள் வரியை மறந்ததில்லையா? எத்தனை தடவை! உங்கள் கோல் கொஞ்சம் தயங்கினாலே எனக்குத் தெரிந்துவிடும். "ஆமா… அப்படியா சங்கதி… அப்புறம் அந்தப் பெரியவ என்னதான் செஞ்சா?" என்று இழுப்பேன். கூட்டம் அதையும் பாட்டு என்று நினைத்துச் சிரிக்கும். அதற்குள் உங்களுக்கு வரி வந்துவிடும். உங்கள் குரலுக்கும் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் இத்தனை காலம் வயிறெரிந்தேனே, என்ன முட்டாள் நான்! வயிறெரிய வேண்டியது வேறொன்றுக்கு. உங்களுக்கு நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள்?

சித்ரா பாவம், உதவி செய்யத்தான் நினைத்தாள். "டென்ஷன் ஆகாதீங்க சித்தி. அம்மா பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வேணும்னா நான் நடுவுல உக்காந்துக்கிறேன், நீங்க எப்பவும் போல இந்தப் பக்கம் வந்துடுங்க, ஓகே?"

ஒரு வரி பாடியும் காட்டினாள். உங்கள் குரல் அக்கா, அச்சு அசல் உங்கள் குரல். மார்க்கெட் பையோடு போன ஓர் அம்மா நின்று கேட்டார். பழைய இடத்துக்கு நகர்ந்துகொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உடம்புகூட அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"நீ நடுவுல உக்காந்தா எனக்கு யாருடி ஆமா போடறது?"

குடம் நின்றது. உங்கள் கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தார். சித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படியே அம்மா மாதிரி சொல்றீங்க சித்தி" என்றாள். பிறகு இடப்பக்கத்திலேயே சம்மணம் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து பாடச் சொன்னாள்.

தே கடையில் நீங்கள் சொன்னது இதுதானா அக்கா? எனக்குக் கேலியாகக் கேட்டது உங்களுக்குப் பயமா? அதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? மைனாவின் மனசையெல்லாம் பாட்டாகக் கட்டத் தெரிந்ததே, நீ இல்லாமல் முடியாது சரசு என்று ஒரு வரி கட்டத் தெரியவில்லையா?

அன்று சாயங்காலம் சாங்கி பஸ்ஸில் ஏறினேன். வேலையிலிருந்து நின்றுவிட்ட எனக்கும் இப்போது அங்கே எந்தக் காரியமும் கிடையாது. தூங்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் இறங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். ஓரகத்திப் பாட்டின் முடிவில் சேர்க்கக் கொஞ்சம் கிடைத்தது. இதை நானே பொறுக்கினேன்.

பெரியவ போன ஊருல பெரிய மேடை போட்டாளாம்
வில்லு உண்டாம் மணி உண்டாம் கூட்டம் நெறைய உண்டாம்
ஆமா போட ஆளில்லாம வாய மூடி உக்காந்தாளாம்

சனிக்கிழமை நான் நடுவில்தான் உட்காருவேன், அரக்குச் சேலையில். உங்கள் பாட்டை உங்கள் பெயர் சொல்லிப் பாடுவேன். இந்தக் கடைசி வரிகளை மட்டும் என் பெயர் சொல்லிப் பாடுவேன். பாடி முடித்ததும் நிறுத்துவேன். அந்த இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று சித்ராவிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆமா நீங்கள் போட வேண்டியது. போடுகிறீர்களா என்று இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பேன், இது என் வாக்கு.

இன்னும் ஒன்று. நான் அங்கே வர நாளாகும். இப்போதுதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அவசரம் இல்லை. அதுவரை பாட்டு பாதியில் நின்றாலும் நிற்கட்டும். உங்கள் இடப்பக்கத்தில் வேறு எவளையும் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் ஓரகத்தி,
குழம்புக்குப் பேர் வைக்கத் தெரியாத சின்னவள்,
சரசு