பள்ளிக்கூடம் திறந்த குளிர்காலம்

யூமா, அரிசோனா
ஜனவரி 2021, ஞாயிறு

அன்பு மகள் மரிசேலாவுக்கு,

நானும் அம்மாவும் தங்கை ஹிமேனாவும் உடம்பால் நலம். ஜப்பான் கடலில் நீயும் உன் கப்பலும் பத்திரமாக இருக்கக் கன்னி மாதாவை வேண்டுகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்காதே, நானும் கேட்கவில்லை.

நேலிடா அத்தையின் அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை, என்ன நடந்தது என்று போனில் நீ கேட்டபோது போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் கொரோனா தொற்று ஏறி மாவட்டப் பள்ளிகள் எல்லாம் மறுபடி மூடிவிட்டன. அத்தை பாடம் நடத்திய நம் சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடந்தாலும் மாவட்டத்துக்குக் கட்டுப்பட்டதில்லையே, அதனால் அதன் நிர்வாகக் குழு தனியாகக் காணொளிக் கூட்டம் போட்டது. அத்தை எங்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் பேசினாள். "மாவட்டமே மூடியிருக்கு. அதே ஊரு, அதே ஆஸ்பத்திரி. நமக்கு மட்டும் என்ன தனிக் காத்தா வீசுது?" என்றாள். குழுத் தலைவர் ஹால்வர்சன், "அவங்க செய்யறதையே நாமும் செய்யறதுன்னா இந்தப் பள்ளிக்கூடத்தை எதுக்குத் தனியா ஆரம்பிச்சோம்?" என்றார். அப்போது ரெஃபூஹியோ, என்னோடு கீரை வயலில் வேலை செய்கிறாளே அவள், குறுக்கே பேசினாள். "நான் வயல்ல நிக்கறப்ப என் பையன் போனைக் கட்டிக்கிட்டு வீட்ல தனியா கெடக்கறான் டீச்சர். எனக்கும் பயம்தான். ஆனா பயப்பட எனக்கு லீவு யாரும் தரலையே." திறப்பதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது அத்தை, "அவ சொன்னதும் நெசந்தானே அண்ணே, புள்ளைங்க வந்தா டீச்சர் இருக்க வேண்டாமா" என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுவாரம் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டு, கோட்டு போட்டுக்கொண்டு பாடம் நடத்தினாள். ஹிமேனாவுக்கு ஒரே சந்தோஷம், அத்தையின் வகுப்பல்லவா.

கிறிஸ்துமஸுக்குச் சோள மடலில் தமாலே பலகாரம் சுற்றும் நேரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது. இங்கே ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, விமானத்தில் ஃபீனிக்ஸுக்குக் கொண்டு போனார்கள். நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, "ஜன்னலைச் சாத்திடாதீங்க அண்ணே" என்று ஏதோ வகுப்பு ஞாபகத்தில் சொன்னாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அடக்கத்துக்கு ஹால்வர்சன் பள்ளி பெயரில் மலர்வளையம் அனுப்பினார், அதை நான் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். ரெஃபூஹியோ கேட்டுக்கு வெளியே நின்று, "நான் பேசாம இருந்திருக்கலாமே" என்று அழுதாள். அவள் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை மகளே. அவள் பையனும் பிள்ளைதானே. இப்போது குழு தீர்மானம் போட்டிருக்கிறது, இனி மாவட்டம் திறக்கும்போதுதான் நம் பள்ளியும் திறக்குமாம். என் தங்கச்சி கேட்டது அவ்வளவுதான்.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. அத்தை நோயில் படுப்பதற்கு முன் ஹிமேனாவுக்கு லேசாக இருமல் இருந்தது. வகுப்பில் இன்னும் பலருக்கும் இருந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும். ஆனால் நேற்று அவள் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, நான்தான் அத்தைக்குக் குடுத்தேனா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். நான் அழுதுகொண்டே சொன்னதால் நம்பவில்லை.

கரை சேர்ந்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. நீ சொன்னால் நம்புவாள். அழாமல் சொல்லு. கம்பளிச் சட்டை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
எவுசேபியோ