போனை எடுக்காத முப்பத்தொரு பேர்

மார்ச் 3, திங்கள்

காலையில் வீட்டுக்காரருடைய மாத்திரை அட்டையை எண்ணினேன். பதினான்கு இருக்க வேண்டும், பதினாறு இருக்கின்றன. "கடைக்காரன் கூடக் குடுத்திருப்பான்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எந்த மருந்துக் கடைக்காரன் சும்மா கூடக் கொடுத்தான்? சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் டக்கென்று "நூத்தி முப்பது" என்கிறார். எப்போது கேட்டாலும் அதே நூற்று முப்பது.

எனக்கு 'சந்தேகப் பிராணி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார். வைக்கட்டும். காப்பீட்டு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் மருத்துவமனைக் காகிதங்களைச் சலித்தவள் நான். ஒரே பல்லை மூன்று முறை பிடுங்கிக்கொண்டவரை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆய்வு அலுவலகத்திலும் அதே பிழைப்புதான், போனில். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும். டயாலிசிஸ் ஆரம்பித்தார்களா? பக்கவாதம் வந்ததா? கால் விரல் ஏதாவது அகற்றினார்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இன்று இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஏழு பேர் எடுக்கவில்லை. மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

சிஸ்டர் இன்றும் பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். செவ்வாய், வியாழன், சனி. மூன்று வாரமாகக் கவனித்து வருகிறேன். திரும்பி வர ஒன்றரை ஆகிறது. எங்கே போகிறார்?

இந்த ஆய்வே சிஸ்டரை வைத்துத்தான். எங்கள் கிளினிக்கில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே அவர் இருக்கிறார். கால் பார்ப்பார், சிறுநீர் சோதிப்பார், வராதவர்களை வரவழைப்பார். இன்னொரு கிளினிக்கில் அப்படி யாரும் இல்லை, வழக்கமான வைத்தியம்தான். எங்கே கிட்னி குறைவாகக் கெடுகிறது என்று ஐந்து வருடக் கணக்கு. எங்கள் பக்கம் ஜெயித்தால் பன்னிரண்டு கிளினிக்குகளில் இதே ஏற்பாடு வரும். எல்லாவற்றுக்கும் தலைமை சிஸ்டர்தான் என்று பேச்சு.

வைத்தியம் பார்ப்பவர்களும் கணக்கெடுப்பவர்களும் நோயாளிகளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக்கூடாது. பேசினால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவரும் போட்டிருக்கிறார். சரி. ஆனால் நான் தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் போனபோது, எழுதிக்கொண்டிருந்த நீல நோட்டைப் படக்கென்று ஏன் மூட வேண்டும்? விதி வாயைத்தானே மூடச் சொல்கிறது?

மார்ச் 6, வியாழன்

பத்து மணி ஐந்து நிமிடம். பை. படிக்கட்டு. போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் புள்ளியியல்காரரை எல்லோரும் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுகிறோம். மதியம் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உங்க லிஸ்ட்ல முப்பத்தொரு பேரைக் காணோம். அரட்டை அண்ணன் லிஸ்ட்ல நாலே பேர்தான்."

அரட்டை என்பவர் இன்னொரு கிளினிக்கின் நோயாளிகளைக் கூப்பிடுபவர். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார், பேரக்குழந்தைக்குப் பல் முளைத்ததா என்பது வரைக்கும். போன் நேரத்தை வீணாக்குகிறார் என்று நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அது கூடப் பரவால்லக்கா. காணாமப்போன முப்பத்தொண்ணுல இருபத்தெட்டுப் பேருக்குப் போன வருஷமே கிட்னி டெஸ்ட் மோசம். நல்லா இருக்கறவங்க மட்டும் உங்க போனை எடுக்கறாங்க. இப்படியே கணக்கை மூடினா, சிஸ்டர் கவனிச்சவங்க யாருக்குமே ஒண்ணும் ஆகலன்னு வரும்."

எனக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. பழைய அலுவலகத்தில் பொய்க் காகிதம் கையில் சிக்கும்போது இப்படித்தான் இருக்கும். மோசமானவர்கள் மட்டும் பார்த்துப் பார்த்துக் காணாமல் போவார்களா? யாருக்கு இதில் லாபம்?

மார்ச் 12, புதன்

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். இவருடைய போனிலிருந்து, முப்பத்தொரு பேரில் ஒருவரைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற டீச்சர். என் நம்பரிலிருந்து ஆறு முறை கூப்பிட்டும் எடுக்காதவர். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்!

கொரியர் என்று சொன்னேன். வியாழக்கிழமை காலை வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"வியாழன் வேணாம்மா. எனக்கு டயாலிசிஸ். செவ்வா, வியாழன், சனி காலைல பெரிய ஆஸ்பத்திரில இருப்பேன். கிளினிக் சிஸ்டர் கூட அங்கதான் வருவாங்க, அவங்ககிட்டக் குடுத்தாலும் சரி."

செவ்வாய், வியாழன், சனி. ஆக, சிஸ்டருக்குத் தெரியும். யார் யாருக்குக் கிட்னி போனது, எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். என் படிவத்தில் மட்டும் அந்தக் கட்டம் காலி. நேரில் போய், ஆய்வு ஆபீஸ் அம்மாள் கூப்பிட்டால் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

பெரிய ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் எங்களுக்கு வருவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

பெரிய டாக்டரிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

"கணக்கு சொல்லுது டாக்டர்."

மார்ச் 17, திங்கள்

விசாரணைக் குழு கூடும் வரை சிஸ்டர் வீட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. யாரையும் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. படிக்கட்டில் எதிரே வந்தார், பையோடு. என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் இல்லாதவர்கள் சத்தம் போடுவார்கள் என்றுதான் என் அனுபவம்.

மார்ச் 19, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாவம் அந்தம்மா" என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். பல் தேய்க்கப் போய்விட்டார்.

மார்ச் 27, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நாளை குழு கூடுகிறது. 'போனை எடுக்காதே என்று சிஸ்டர் சொன்னார்' என ஒருவராவது சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான அறை, ஒன்பது சாய்வு நாற்காலி, ஒன்பது இயந்திரம். எல்லோருடைய ரத்தமும் குழாயில் வெளியே வந்து உள்ளே போகிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, டிவி பார்க்கிறார்கள்.

டீச்சர் ஜன்னல் ஓரம். வெள்ளை முடி, மடித்துச் சொருகிய கைக்குட்டை. ஆய்வு அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது.

"போன் எடுக்காததுக்கா வந்தீங்க?"

"யார் எடுக்க வேணாம்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலயே." ஒரு கையில் ஊசி. மற்ற கையால் போனை எடுத்துக் காட்டினார். என் நம்பரை 'பரீட்சை' என்று பதிந்து வைத்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு கூப்பிட்டா நடுங்கும். 'மாத்திரை தவறாம சாப்பிட்டீங்களா? நிச்சயமா? அப்புறம் எப்படி சர்க்கரை ஏறிச்சு?' மூணு தடவ திருப்பித் திருப்பிக் கேப்பா. நாப்பது வருஷம் பரீட்சை வெச்சவ நான். பெயிலாறது எப்படி இருக்கும்னு இப்பதான் தெரியுது. கிட்னி போச்சுன்னு அவகிட்ட எந்த வாயால சொல்ல?"

பக்கத்து நாற்காலி லாரி டிரைவர் சிரித்தார். "நான் 'போலீஸ்'னு போட்டிருக்கேன் டீச்சர்." அவரும் என் முப்பத்தொன்றில் ஒருவர். அவருக்கு எதிரே இருந்தவரும்.

திருப்பித் திருப்பிக் கேட்டேனா? கேட்டேன். படிவத்தில் ஒரு முறைதான் இருக்கிறது. மீதி இரண்டும் நானாகச் சேர்த்தது. நம்பவில்லை, அதனால் கேட்டேன். யாரையுமே நான் நம்பினதில்லையே...

"அந்தப் பரீட்சை நான்தான் டீச்சர்" என்றேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, என் சங்கடத்தைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார். சிஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வாரத்தில் மூன்று நாள் வந்து டீச்சரின் கால் புண்ணைப் பிரித்துப் பார்த்து, மருந்து வைத்துக் கட்டுவாராம். அவருடைய வேலைப் பட்டியலிலேயே இது கிடையாதாம். அங்கே போன நேரத்துக்குச் சாயங்காலம் கூடுதலாக உட்கார்ந்து வேலை பார்ப்பாராம். நீல நோட்டில் எழுதியது யார் யாருடைய புண் எவ்வளவு ஆறியது என்றுதானாம். "பத்து நாளா வரல. இங்க இருக்கறவங்க கால் வேற டிபார்ட்மெண்ட்டுங்கறாங்க."

போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். கட்டு பழுப்பேறியிருந்தது. வாடையும் அடித்தது. நான் ஓடிப்போய் அங்கிருந்த நர்ஸைக் கூட்டி வந்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரைக் கேட்டேன். "நான் கேக்கறது கோர்ட்டுல கேக்கற மாதிரியா இருக்கு?"

"கோர்ட்டுல குடிக்கத் தண்ணியாவது குடுப்பாங்க" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "சர்க்கரை நூத்தி முப்பது இல்ல. இருநூத்தி எழுபது. நாலு மாசமா" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

குழுவின் முன் என் புகாரைத் திரும்பப் பெற்றேன். கொரியர் பொய்யையும் சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். புள்ளி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கிளினிக்குக்கு ஒரே ஆள் கூப்பிடணும்னு வெச்சதே எங்க தப்புக்கா. வைத்தியத்தோட குணத்தையா அளந்தோம்? நீங்க, அரட்டை அண்ணன், உங்க ரெண்டு பேர் குணத்தையில்ல அளந்திருக்கோம்." சிஸ்டர் ஏன் முன்பே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டாராம். "பேசக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினது நீங்கதானே" என்றாராம் சிஸ்டர்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சிஸ்டர் வந்துவிட்டார். பத்து மணிக்குப் பை. நான் எழுந்து நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும்தான் வெளியே வந்தது. தலையை அசைத்துவிட்டுப் போனார்.

டீச்சர் கால் எப்படி இருக்கிறது? சிஸ்டரிடம் கேட்கக் கூடாது. கையெழுத்து இன்னும் நிற்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

முப்பத்தொன்றில் இருபத்தாறு பேர் பேசிவிட்டார்கள். கேள்வியை மாற்றக்கூடாது, குரலை மாற்றலாம் என்றார் புள்ளி. அரட்டையிடம் போய்க் கற்றுக்கொண்டேன்; மனிதர் பழசை ஞாபகப்படுத்தாமல் சொல்லிக்கொடுத்தார். லாரி டிரைவர் இருபது நிமிடம் டயர்களைப் பற்றிப் பேசினார். கேட்டேன். பதினொரு பேருக்கு டயாலிசிஸ். பதினொரு 1.

ஒவ்வொன்றைப் போடும்போதும் இரண்டு கிளினிக்குக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. சிஸ்டர் பக்கம்தான் இன்னும் மேல், ஆனால் மெலிந்துவிட்டது. பன்னிரண்டு கிளினிக் என்ற பேச்சு நின்றுபோய், முதலில் இரண்டில் பார்க்கலாம் என்கிறார்கள். அவரை நல்லவராகக் காட்டிய பொய்க் கணக்கை உண்டாக்கியது நான். அதற்காக அவரையே பிடித்துக் கொடுத்ததும் நான். இன்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பக்கத்தில்தான் நின்றார், பேசவில்லை. விதிக்காகப் பேசவில்லையா, கோபத்தில் பேசவில்லையா? தெரியாது. இதை விசாரிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கணக்கு மூடும் நாள். பாக்கி ஒரே ஒரு பெயர். இரண்டு வாரமாக அவர் போன் அணைந்தே இருந்தது. இன்று மாலை மணி அடித்தது, உடனே எடுத்தார்.

"பரீட்சையா? கேளும்மா."

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தாராம். டயாலிசிஸ், 1. பக்கவாதம், 0. அடுத்த கேள்வியைப் படிவத்தில் இருக்கிறபடியே படித்தேன். ஒரே ஒரு முறை.

"எடுத்தாங்க. வலது கால்ல ரெண்டு விரல். சிஸ்டர் வராம இருந்தாங்களே, அப்பவே புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சாம்."

1 போட்டேன். சிஸ்டர் பக்கக் கணக்கில் விழுந்தது அது. ஏன் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"டீச்சர், சிஸ்டர் வராம இருந்தது உடம்பு சரியில்லாம இல்ல. நான் அவங்க மேல தப்பா எழுதிக் குடுத்தேன். அதனாலதான் வரல. நான்தான்."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அடுத்த கேள்வி கேளும்மா" என்றார்.

கடந்த ஒரு மாதத்தில் மாத்திரை எப்போதாவது தவறியதா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முந்தி ரெண்டு நாள்" என்றார். எழுதிக்கொண்டேன்.